அறுவை செய்த மாட்டின் ரணமும் மேற்பூச்சு மருந்துகளும்

காஞ்சிபுரம் ஜில்லாவில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் கறவை மாடு வைத்திருக்கும் குடியானவர் பலரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அறுவை செய்த ரணம் சீக்கிரம் ஆறவேண்டுமானால் அதன்மேல் எதையேனும் தடவிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதே அவ்வெண்ணம். ஒருவர் மஞ்சளைத் தடவுகிறார். மற்றொருவர் அடுப்புச் சாம்பலைத் தூவுகிறார். வேறொருவர் லாரிப் பட்டறையில் வடித்து ஊற்றிய பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுகிறார். தடவுவதில் இருக்கும் ஊக்கம், ரணத்தைச் சுத்தமாக வைப்பதில் இருப்பதில்லை. இந்த வழக்கம் மாறவேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வட்டாரத்தில் இவ்விஷயம் முக்கியமானதற்குக் காரணம் உண்டு. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவற்றையொட்டிப் பற்பல ஆலைகளும் கிடங்குகளும் விடுதிகளும் எழுந்தன. மேய்ச்சல் நிலம் குறுகவே, மாடுகள் சாலையோரத்தையும் உணவுக்கடைகளின் பின்புறத்தையும் நாடலாயின. அங்கே எஞ்சிய சோற்றோடு பிளாஸ்டிக் பையும், சில வேளைகளில் ஆணியும் கம்பித்துண்டும் மாட்டின் வயிற்றுக்குள் போகின்றன. பை, பெருவயிற்றில் உருண்டு திரண்டு அசைபோடுதலைத் தடுக்கிறது; கம்பி, வயிற்றைத் துளைத்து இருதயம் வரை செல்லவும் கூடும். அப்போது கால்நடை வைத்தியர் மாட்டின் இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கீறிப் பெருவயிற்றைத் திறந்து அவற்றை எடுக்க நேரிடுகிறது. வாகனம் மோதிய காயங்களும், கன்று வெளிவராதபோது வயிற்றைக் கீறி எடுத்த ரணங்களும் இவற்றோடு சேரும்.

அறுவை நன்கு முடிந்தும் ரணம் சீழ்பிடித்து மாடு நலிவதுண்டு. அவ்வாறு நலியும் மாடு பாலைக் குறைக்கிறது. சில சமயம் உயிரையும் இழக்கிறது. வைத்தியரின் வேலை ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ முடிந்துவிடும். அதற்குப் பின்வரும் பதினான்கு நாட்களும் மாட்டுக்காரரின் கையில் இருக்கின்றன.

முதலாவதாக அறியவேண்டியது யாதெனில், தைத்த ரணம் வேறு, திறந்த ரணம் வேறு. தைத்த ரணத்தில் தோலின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டிருப்பதால், ஓரிரு நாட்களுக்குள் அவற்றிடையே மெல்லிய மூடி உண்டாகிவிடுகிறது. அதன்பின் உட்புறத்தில் புதுச் சதை வளர்ந்து ரணம் பலம் பெறுகிறது. இந்த மூடியே இயற்கை இட்ட கட்டு. அதன்மேல் எண்ணெயையோ பொடியையோ ஓயாது தேய்ப்பது, நாற்று நட்ட மறுநாளே வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். தைத்த ரணத்திற்கு வேண்டியவை நான்கே: உலர்ந்த இடம், ஈ அண்டாமை, மாடு நக்காமலும் உரசாமலும் இருத்தல், வைத்தியர் சொன்ன மருந்து. சாதாரணமாகப் பத்து முதல் பதினான்கு நாட்களில் தையல் பிரிக்கப்படும்.

திறந்த ரணத்தின் தன்மை வேறு. விபத்தில் சதை பிய்ந்த இடமும், சீழை வெளியேற்றக் கீறிவிட்ட கட்டியும் அடியிலிருந்து சதை வளர்ந்தே ஆறவேண்டும். 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் வளர்ப்புப் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், காற்றில் காய்ந்து பொருக்குக் கட்டிய காயத்தைவிட, மூடி ஈரப்பசையோடு வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் பரவியதைக் கண்டார். ஆகவே திறந்த ரணத்தைக் கழுவியபின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சினால் காய்ந்துபோகாமல் காப்பதில் நியாயம் உண்டு. நம் முன்னோர் எண்ணெயில் மூலிகை காய்ச்சிப் போட்டதும் இவ்வகை ரணங்களுக்கு ஏற்றதே. தவறு, அதே எண்ணெயைத் தைத்த ரணத்திற்கும் கொண்டுபோவதில்தான் இருக்கிறது.

மஞ்சளைப்பற்றிப் பேசும்போது பலர் அமெரிக்கக் காப்புரிமை வழக்கைச் சான்றாகக் காட்டுகின்றனர். மஞ்சளைக் கொண்டு ரணம் ஆற்றுவது தங்கள் கண்டுபிடிப்பு என்று மிசிசிப்பி சர்வகலாசாலையின் மருத்துவ நிலையத்தார் விண்ணப்பித்து, 1995-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர். இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் அதனை எதிர்த்துப் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்ட, 1997-ஆம் ஆண்டில் அவ்வுரிமை ரத்தாயிற்று. தமிழ்நாட்டில் மஞ்சள் பயிரிடுவோர் யாவரும் பெருமைகொள்ளத்தக்க வெற்றியே இது. ஆயினும் அவ்வழக்கில் தீர்ந்தது ஒன்றே: இந்த உபயோகம் புதியதன்று, இந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருவது. எந்த ரணத்திற்கும் எந்த அளவிலும் மஞ்சள் போதும் என்ற தீர்ப்பு எதுவும் அங்கே அளிக்கப்படவில்லை. மேலும், கடையில் வாங்கும் பொடியில் நிறத்திற்காக ஈயம் கலந்த சாயம் சேர்க்கும் மோசடி உண்டு. மாடு தன் ரணத்தை நக்குவது இயல்பு. ஆதலால் மஞ்சளை உபயோகிப்போர் கிழங்கை வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்வது நலம்.

சில பொருள்களை ரணத்தின் அருகே கொண்டுவரவே கூடாது. சாணத்திலும் மண்ணிலும் வில்வாதக் கிருமியின் வித்துக்கள் இருக்கக்கூடும். சாம்பலும் சுண்ணாம்பும் சதையை அரிக்கின்றன. பழைய எஞ்சின் எண்ணெயில் எரிந்த கசடும் உலோகத் துகளும் கலந்திருக்கின்றன. ஈ அண்டுவதில்லை என்று அதனைப் புகழ்வோர், புதுச் சதையும் அதனால் கெடுவதை எண்ணிப் பார்ப்பதில்லை. நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் ஸ்பிரிட்டையும் நாள்தோறும் ஊற்றுவதும் தவறே. அவை கிருமியோடு இளஞ்சதையையும் கொல்கின்றன.

திறந்த ரணத்தைக் கழுவ ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதில் ஒன்பது கிராம் உப்பைக் கரைத்துக்கொண்டால் போதும். பொவிடோன் அயோடின் மருந்தை உபயோகிப்பதாயின், வெளிறிய தேநீரின் நிறம் வரும்வரை நீரில் கலந்து உபயோகிக்கவேண்டும். கழுவிய பிறகு பூசுவதற்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் பரப்பியும் தேசியப் பால்வள அபிவிருத்தி வாரியத்தார் எடுத்துரைத்தும் வரும் மூலிகை எண்ணெய் ஒன்று உண்டு. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஆகிய இலைகளில் வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள்பொடி இருபது கிராம் ஆகியவற்றை அரைத்து, தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ காய்ச்சி ஆறவைப்பதே அதன் முறை. புழு விழுந்திருந்தால் முதல்நாள் மட்டும் கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயையோ சீத்தா இலை விழுதையோ வைக்கவேண்டும். ஈ முட்டையிட்ட ஒரு நாளுக்குள் புழு வெளிவந்து சதையைக் குடையத் தொடங்குவதால், காலையும் மாலையும் ரணத்தைப் பார்ப்பது அவசியம். வேப்பெண்ணெயை ஈ விரட்டுவதற்காக ரணத்தைச் சுற்றியுள்ள தோலில் பூசலாம்; தையலின் மேல் வேண்டுவதில்லை.

‘வைத்தியர் தினமும் வருவதில்லை, நாங்கள் ஏதேனும் செய்யாமல் எப்படிச் சும்மா இருப்பது?’ என்று குடியானவர் கேட்பது நியாயமே. சும்மா இருக்கும்படி எவரும் சொல்லவில்லை. கொட்டிலின் ஒரு மூலையை மேடாக்கி உலர்ந்த வைக்கோல் பரப்புதல், மூத்திரம் தேங்காமல் வடித்தல், மாட்டைத் தலை திருப்பி நக்காதபடி கட்டுதல், பசுந்தீவனமும் பிண்ணாக்கும் அளவோடு கொடுத்தல் ஆகிய இவையெல்லாம் செய்கைகளே. சதை வளர்வது தீனியினால்தான். மேற்பூச்சு அதற்குத் துணைமட்டுமே. ரணம் வீங்கிச் சுடுமானாலும், நாற்றமுள்ள நீர் வடிந்தாலும், தையல் விட்டாலும், மாடு தீனி மறுத்தாலும், அன்றே 1962 என்னும் எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்கவேண்டும். ஊசி மருந்து போட்ட மாட்டின் பாலை வைத்தியர் குறித்த நாட்கள் கழியும்வரை விற்கலாகாது. அப்பாலைக் குடிப்பவை பிறர் வீட்டுக் குழந்தைகள்.

கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் இதில் பங்குண்டு. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை இருந்தும், மேய்க்கால் புறம்போக்குகளில் பைகள் குவிந்து கிடக்கின்றன. மேய்ச்சல் நிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து காத்து, குப்பை கொட்டுவதைத் தடுத்து, கடைகளின் எச்சில் உணவைப் பையோடு எறியாதபடி கண்டித்தால், பெருவயிற்றைக் கீறவேண்டிய அவசியமே பெரும்பாலும் நேராது. ரணமின்றி மாட்டைக் காப்பதற்கு ஈடான ரண மருந்து எதுவும் இல்லை.

அறுவை முடிந்து மாட்டைக் கொட்டிலுக்கு ஓட்டிவந்தவுடன் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடும் கை, முதலில் துடைப்பத்தைத் தேடட்டும். தரை உலர்ந்திருந்து, ஈ ஒழிந்து, தீனியும் குறைவின்றிக் கிடைத்தால், ரணம் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்.