கம்பிக்குள்ளே வைத்தியம்

அல்லிநகரத்து டீக்கடை பெஞ்சில் அடிக்கடி வரும் பேச்சு இது: “குத்தம் பண்ணி உள்ளே போனவனுக்கு அரசாங்கச் செலவுல வைத்தியம் எதுக்கு?”

நமக்குக் காய்ச்சல் என்றால் க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிடலாம். அங்கே சரிப்படவில்லையென்றால் வேறு டாக்டரைப் பார்க்கலாம். சிறையில் இருப்பவருக்கு ஒரு மாத்திரை வேண்டுமென்றாலும் காவலர் மனசு வைக்க வேண்டும். சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர்தானே பொறுப்பு?

திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சாமியை 2020 அக்டோபரில் கைது செய்து, மும்பை அருகே தலோஜா சிறையில் வைத்தார்கள். வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுக்கம். டம்ளரைப் பிடிக்க முடியாது. ஸ்ட்ராவும் உறிஞ்சிக் குடிக்கும் குவளையும் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5-ல், ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வழக்கு விசாரணையே தொடங்கியிருக்கவில்லை.

2022 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்தான். நிரபராதியோ குற்றவாளியோ, உயிரைக் காப்பது டாக்டரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியாயிற்று.

தண்டனையே கொடுத்தாலும், சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லி எந்தத் தீர்ப்பிலும் எழுதுவதில்லை. 60 வயது தாண்டியவரை உள்ளே அனுப்பும் அன்றே டாக்டர் முழுசாகப் பார்க்க வேண்டும். வீட்டில் சாப்பிட்டுவந்த மாத்திரை ஒரு வேளைகூட நிற்கக் கூடாது. கை நடுங்கும் வயதில் இருக்கும் நாமாவது இதைக் கேட்க வேண்டாமா?