புலம்பல் அல்ல, கும்மி

செங்கோட்டையைச் சேர்ந்த கவிஞர் ஆவுடையக்காள் இளமையிலேயே கணவனை இழந்தவர் என்பதால் அவர் பாடியது கைம்மைத் துயரமே என்று வாதிடுவோர், அவரது சூடாலைக் கும்மியைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. யோகவாசிட்டம் என்னும் வேதாந்த நூலில் வரும் அரசி சூடாலை, கணவனுக்கு முன்பே ஞானம் பெற்று, மனைவி சொன்னால் ஏற்காத அவனுக்கு அந்தணச் சிறுவனாக உருமாறி உபதேசிப்பவள். துக்கத்தைப் பாட வந்தவர் இக்கதையை எடுத்து, வட்டமாய்ச் சுற்றிக் கைகொட்டி ஆடும் பாட்டிலா அமைப்பார்? வெள்ளுடையில் வீட்டுக்குள் ஒதுங்கிய அமெரிக்கக் கவி எமிலி டிக்கின்சனுக்கும் (1830–1886) காதல் தோல்வி என்று இப்படித்தான் முத்திரை குத்தினார்கள் (ஆண் துறவி பாடினால் மட்டும் அது தத்துவம்). அவருடைய சுமார் 1800 கவிதைகளைக் காகிதம் காத்தது. அக்காளின் பாடல்களை அச்சேறும்வரை பிராமணப் பெண்களின் நாவே காத்தது.