பல்பம் தின்னும் பிள்ளைகள்

பச்சரிசி மெல்லும் பெண்பிள்ளையிடம், "உன் கல்யாணத்துக்கு மழை கொட்டப்போகுது" என்று சொல்லிச் சிரிப்பது நம் வழக்கம். பல்பம் தின்றால் முதுகில் ஒன்று வைப்போம். மண் தின்றால் பூச்சி மாத்திரை. இரும்புச்சத்துக் குறைந்த உடம்புக்கு இப்படியெல்லாம் ஆசை வரும் என்பது மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். ஜிப்மர் மருத்துவமனையைப் பக்கத்தில் வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்களான நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

பிரெஞ்சு ஆட்சியில், 1930இலேயே பள்ளியில் மதிய உணவு போட்ட ஊர் என்று மேடைதோறும் சொல்கிறோம். சொல்லிவிட்டுக் கடற்கரைச் சாலைக்குக் காற்று வாங்கப் போய்விடுகிறோம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரியில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இந்திய சராசரியைவிடக் குறைவுதானே என்று தேற்றிக்கொண்டோம். அதே கணக்கெடுப்பில் பிள்ளைகளின் ரத்தசோகை 64 விழுக்காடு; முந்தைய கணக்கெடுப்பில் 45தான். ஏறியது ஏன் என்று எந்தத் தெருமுனைக் கூட்டத்திலும் நாம் கேட்கவில்லை.

பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்துப் பிள்ளை குட்டையாக இருந்தால், "அப்பன் வாகு" என்று முடித்துவிடுகிறோம். டெல்லிப் பிள்ளைகள் உட்பட ஆறு நாடுகளின் பிள்ளைகளை அளந்துதான் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. நல்ல சாப்பாடும் கவனிப்பும் கிடைத்தால், ஐந்து வயதுவரை எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறது.

1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில், பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 21 வயது இளைஞன் ஒருவனைப் பார்த்தார். பத்து வயதுப் பையன் போலிருந்தான். தின்றது ரொட்டி, கூடவே களிமண். தானியத்தில் உள்ள பைட்டேட் என்னும் பொருள், வளர்ச்சிக்கு வேண்டிய துத்தநாகத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பின்னர் எகிப்தில் இதேபோல் வளர்ச்சி நின்றவர்களுக்குத் துத்தநாகம் கொடுத்தபோது வளர்ந்தார்கள். தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் தண்ணீராய்க் குழம்பு, காலையில் டீயில் தொட்ட பொறை என்று வளரும் நம் பிள்ளைகளுக்கும் இந்தக் கதை தூரமில்லை. போதாக்குறைக்கு, டீ இரும்புச்சத்தையும் தடுக்கும். (உயரத்துக்குத் தாதுச்சத்து மட்டுமே காரணமில்லை, தாயின் உடல்நிலையும் ஓயாத வயிற்றுப்போக்கும் சேர்ந்துதான் குறைக்கின்றன.)

வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் தருகிறார்கள். ஒரு கரண்டி தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து 14 நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் பேதி நின்றதும் அட்டை அலமாரிக்குப் போய்விடுகிறது. மிச்ச மாத்திரை எதற்கு என்று தாய்க்குச் சொல்ல நமக்குப் பொறுமையில்லை.

அளப்பதிலும் இப்படித்தான். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பலகையில் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்திப் பாதத்தை நிமிர்த்த வேண்டும். பிள்ளை வீறிடும், ஒற்றை ஆளால் ஆகாது. அங்கன்வாடிகளில் எடை பார்க்கிறார்களா என்று விசாரித்த நாம், உயரம் பார்க்க இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று விசாரித்ததில்லை.

தட்டுக்கு வருவதிலும் இதே கதைதான். அரிசிக்குப் பதில் பணம் என்றாகி, ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2024 அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். அத்தனை காலமும் அரிசியா பணமா என்றே சண்டை போட்டோம். பருப்பு கேட்கவில்லை, கேழ்வரகு கேட்கவில்லை, முட்டை கேட்கவில்லை.