ஒரு படிவத்துக்கு 350 ரூபா: மணித்தியாலத்துக்கு எவ்வளவு?



"மிஸ், வீடு வீடாகப் போய் ஒரு போம் நிரப்பினால் 350 ரூபா தருகிறார்களாம். போகலாமா?" பெண்கள் குழுக்களில் அண்மைக் காலமாக என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. சந்தை ஆய்வு வேலையைத்தான் சொல்கிறார்கள். எந்தப் பால்மா வாங்குகிறீர்கள், எந்தச் சவர்க்காரம் பிடிக்கும், எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்று கேட்டு வினாக்கொத்தை நிரப்புவது. இப்போது கடதாசியை விட டெப்லட்டில்தான் அதிகம் நிரப்புகிறார்கள். கொழும்பு நிறுவனங்களுக்கு வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளில் தமிழில் பேசிக் கேட்கக்கூடிய பெண்கள் தேவை. பெண் போய்க் கதவைத் தட்டினால்தான் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பேசுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

போகலாம். ஆனால் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

எங்கள் குழுச் சகோதரி ஒருவரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, வீட்டை விட்டு வெளிக்கிட்ட நேரம், திரும்பிய நேரம், செலவு எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். ஐந்து நாட்களில் 30 படிவங்கள் முடித்தார். மேற்பார்வையாளர் சரிபார்த்ததில் மூன்று தள்ளுபடி. மிச்சம் 27, அதாவது 9,450 ரூபா. பஸ்ஸுக்கு 1,400, தொலைபேசிக்கு 300 போக 7,750 ரூபா. நேரம்? களத்தில் 40 மணித்தியாலம், சம்பளமில்லாத பயிற்சி நாளில் 6, இரவில் திருத்தி அனுப்ப 4. மொத்தம் 50. மணித்தியாலத்துக்கு 155 ரூபா. "ஒரு படிவத்துக்கு அரை மணித்தியாலந்தானே, அப்படியென்றால் மணிக்கு 700" என்று நினைத்துப் போனவர் அவர்.

2025இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபா. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் 150. அதைவிட ஐந்து ரூபா கூட என்று சந்தோஷப்பட முடியாது. நிரந்தர வேலையில் தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் மேலதிகமாகக் கட்டுகிறார். அதையும் சேர்த்தால் 172 ரூபாவைத் தாண்டும். துண்டுக் கணக்கில் வேலை செய்பவரும் சேமலாப நிதிக்கு உரியவர்தான். நீங்கள் ஊழியரா, சுயமாக ஒப்பந்தம் எடுத்தவரா என்பதில்தான் இழுபறி வரும். உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

நேரம் எங்கே போகிறது? சமூகவியல் படித்ததால் எனக்கு இதில் ஒரு தனி அக்கறை. கதவைத் திறப்பவரிடமே கேட்டுவிட்டால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டுமே கிடைக்கும். அதனால் வீட்டிலுள்ளவர்களில் ஒருவரை அட்டவணைப்படி தெரிவு செய்யும் முறையை 1949இல் லெஸ்லி கிஷ் என்ற புள்ளிவிபர அறிஞர் வெளியிட்டார். நல்ல முறைதான். ஆனால் தெரிவானவர் வேலைக்குப் போயிருந்தால் மாலையில் திரும்பவும் போகவேண்டும். அவரும் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. ஆய்வின் நேர்மைக்கான விலையைக் கட்டுவது களத்தில் நடக்கும் பெண்ணின் கால்கள். படிவத்துக்கு மட்டும் காசு என்றால் அந்த நடைக்குக் காசு இல்லை.

வீட்டிலிருந்தே நிரப்பிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். டெப்லட்டில் இடமும் நேரமும் பதிவாகும், சிலவற்றில் குரலும் பதிவாகும். பதில் சொன்னவருக்கு அலுவலகத்திலிருந்து தொலைபேசி எடுத்தும் கேட்பார்கள். ஒன்று பிடிபட்டால் நீங்கள் கொடுத்த எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அதே சகோதரி அடுத்த முறை நான்கு விடயங்களைக் கேட்டார்: பயிற்சி நாளுக்குக் கொடுப்பனவு, பஸ் காசு, தன் ஊருக்கு அண்மையில் இடம், எத்தனை நாளில் காசு வரும் என்பது எழுத்தில். பயிற்சிக்கு 1,000 ரூபாவும் பஸ் காசும் கொடுத்தார்கள். ஆட்கள் வீட்டில் இருக்கும் பின்னேரங்களில் போனார். 26 படிவங்களுக்கு 9,100, பயிற்சிக் காசோடு 10,100. தொலைபேசிச் செலவு போக 9,800. நேரம் 40 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 245 ரூபா. வேலை அதேதான், கேட்கத் துணிந்ததுதான் வித்தியாசம். ஆனால் காசு கைக்கு வர ஒன்றரை மாதம் பிடித்தது. நாளாந்தச் செலவுக்கு இதை நம்பியிருக்க முடியாது.

இன்னொரு வகை, வாடிக்கையாளர் போல் கடைக்கோ வங்கிக்கோ போய்ச் சேவையைக் கவனித்து அறிக்கை எழுதுவது. வரிசையில் எவ்வளவு நேரம் நின்றோம், வணக்கம் சொன்னார்களா, பில் தந்தார்களா என்று எல்லாம் ஞாபகத்தில் வைத்து, வெளியே வந்ததும் எழுத வேண்டும். நகரங்களில்தான் இந்த வேலை அதிகம். ஒரே பஸ் பயணத்தில் மூன்று இடங்கள் பார்த்தால் கட்டும், ஒன்றுக்காகப் போனால் கட்டாது. வாங்கிய பொருளுக்குத் திருப்பித் தரும் காசை வருமானத்தில் சேர்க்காதீர்கள். அங்கே நிற்கும் விற்பனைப் பிள்ளையும் நம்மைப் போல் உழைக்க வந்தவள்தான். "மரியாதை இல்லை" என்று எழுதாமல், "நான்கு நிமிடம் நின்றேன், நிமிர்ந்து பார்க்கவில்லை" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். உங்கள் ஒரு வசனம் அவளுடைய கொமிஷனைப் பாதிக்கலாம்.

வட்ஸ்அப், டெலிகிராமில் வரும் செய்திகள் வேறு கதை. "ஹோட்டலுக்கு நட்சத்திரம் போடுங்கள், ஒன்றுக்கு 500 ரூபா" என்பார்கள். முதல் நாள் உண்மையாகவே சிறு தொகை வரும். பிறகு, பெரிய வேலைக்கு 5,000 கட்டுங்கள், எடுப்பதற்கு இன்னும் 20,000 கட்டுங்கள் என்று போகும். உண்மையான ஆய்வு நிறுவனம் உங்களிடம் காசு கேட்காது, வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தையும் கேட்காது. "உங்கள் கணக்குக்குக் காசு வரும், எடுத்து இன்னொருவருக்கு அனுப்புங்கள்" என்றால் மறுத்துவிடுங்கள். பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரியைத்தான்.

நிறுவனத்தின் விலாசத்தைக் கேளுங்கள். அடையாள அட்டை தருவார்களா என்றும் கேளுங்கள், அது இல்லாமல் யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். முதல் கிழமை முடிந்ததும் கொப்பியோடு வாருங்கள், சேர்ந்து கூட்டிப் பார்க்கலாம்.