கடாவின் பல்லைப் பார்க்கிறோம், ஆட்டின் மடியை யார் பார்ப்பது?

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எங்கும் நாமெல்லாரும் மிருக வைத்தியர்கள்தான். கண் சரியா, காது கிழிஞ்சிருக்கா, நொண்டுதா என்று கடாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். நல்லதுதான். குறையுள்ள ஆட்டைக் குர்பான் கொடுக்க முடியாது. ஆனால் வருசம் முழுக்கப் பின்வளவில் கறக்கிற ஆட்டின் மடியை யார் பார்க்கிறார்கள்?

மடி கல்லுப் போல வீங்கி, பால் திரிந்து வந்தால் மூத்தம்மா சொல்வது, "கண்ணூறு பட்டிட்டு". அவரை நாங்கள் நக்கலடிக்க வரவில்லை. வேறு காரணம் இருக்கிறது என்று அவரிடம் யாரும் வந்து சொல்லவேயில்லை. அதன் பெயர் மடியழற்சி. ஈரமான படுக்கை, கழுவாத கை வழியாக ஸ்டைபிலோகொக்கஸ் போன்ற பக்டீரியாக்கள் காம்புக்குள் ஏறுகின்றன. வீக்கமே தெரியாமல் பாலை மட்டும் குறைக்கிற மறைவான வகையும் உண்டு.

பிறகு என்ன நடக்கும்? வீட்டில் மிஞ்சிக் கிடந்த அன்டிபயோட்டிக் குளிசையை உடைத்துக் கொடுப்போம். அடுத்த நாள் அதே பால், "சளிக்கு நல்லம்" என்று பிள்ளைக்குப் போகும். காய்ச்சினால் சத்துப் போயிடும் என்று பச்சையாகக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். காய்ச்சினால் சாவது கிருமிதான். ஆனால் வெயிலில் மணிக்கணக்காக வைத்த பாலில் ஸ்டைபிலோகொக்கஸ் விட்ட நஞ்சு, காய்ச்சினாலும் போகாது. மருந்தின் மிச்சமும் அப்படியே லேசில் போகாது.

மோல்டாத் தீவின் கதையைக் கேளுங்கள். அங்கிருந்த பிரித்தானியப் படையினரை விடாமல் வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887இல் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்பதை 1905இல் தெமிஸ்டொக்கிளீஸ் சமிட் காட்டினார். பார்வைக்கு ஆடுகள் நல்ல சுகம்! 1906இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது, அவர்களிடம் காய்ச்சல் சடாரென்று குறைந்தது. ஊர்ச்சனம்? அவர்கள் குடித்துக்கொண்டும் காய்ந்துகொண்டும் இருந்தார்கள். பாலைச் சூடாக்கிச் சுத்திகரிக்கும் ஏற்பாடு அங்கு வந்தது 1938இல்தான். அறிவு பிறந்தது ஊரில், பலன் போனது முகாமுக்கு.

அந்த புருசெல்லா இலங்கை மாடுகளிலும் எருமைகளிலும் இருப்பது பல தசாப்தமாகத் தெரிந்த விசயம். ஆட்டைப் பற்றி மட்டும் ஏன் இந்த அலட்சியம்? மாடு ஆண்களின் சொத்து, பட்டியாக நிற்கும், கணக்கில் வரும். ஆடு பெண்களின் சீட்டுக்காசு. இரண்டு மூன்றாக வேலியோரம் நிற்கும், கணக்கில் வராது. "கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டு மடியில் என்ன வேலை?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: யாருடைய இழப்பு எண்ணப்படுவதில்லை என்று பார்ப்பதுதான் எங்கள் பாடமே.

ஆகவே கேட்கிறோம். கால்நடை வைத்திய சேவை ஆட்டுக்காரப் பெண்களின் வாசலுக்கு வரட்டும். ஆடுகளின் இரத்தமும் பாலும் பரிசோதிக்கப்படட்டும். குர்பான் சட்டம் சொல்லும் மிம்பரில் ஒரு ஜும்ஆவாவது பாலைப் பற்றியும் பேசட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை: கையையும் காம்பையும் கழுவிக் கறப்போம். முதல் பீச்சை ஒரு கறுத்தக் கோப்பையில் விட்டுத் திரி இருக்கா என்று பார்ப்போம். குறைக்குட்டி விழுந்தால் வெறுங்கையால் தொடாமல் ஆழமாய்ப் புதைப்போம். ஊசி போட்ட ஆட்டின் பாலை வைத்தியர் சொன்ன நாள்வரை ஊற்றிவிடுவோம். மற்றதைக் கறந்த கையோடு கொதிக்க வைப்போம்.

பல்லைப் பார்க்கத் தெரிந்த நமக்கு மடியைப் பார்ப்பது பெரிய வித்தையா என்ன?