டூ-லெட் பலகைக்குப் பின்னால்

சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு என்று மின்சார ரயில் தடத்தோடு நகர்கிறவர்கள் ஏராளம். ஸ்டேஷன் எவ்வளவு தூரம், தண்ணீர் வருமா என்று பார்த்து நாமே ஊரைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம். ஆனால் ஒரு தலித் இளைஞரிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் "சைவமா?" என்பார்கள், சொந்த ஊரில் எந்தத் தெரு என்பார்கள். பதில் பிடிக்காவிட்டால், "இப்பதான் வேற ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு."

பரோடா சமஸ்தானத்தில் உயர் பதவி கிடைத்தும் 1917இல் அங்கே தங்க இடமின்றி வெளியேறினார் அம்பேத்கர். நூறாண்டு கடந்துவிட்டது. அரசமைப்பின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளங்களில் சாதி பார்ப்பதைத் தடுக்கிறது. வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் ஒப்பந்தம், முன்பணம் பற்றிப் பேசுகிறது. சாதி கேட்டு வீடு மறுப்பதைத் தடுக்கவில்லை.

"என் வீடு, என் விருப்பம்" என்கிறார்கள். வாடகைக்கு விடுவது வியாபாரம். கடைக்காரருக்கு இல்லாத அந்த விருப்பம் வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படி வந்தது? வாடகைச் சட்டத்தில் தடையும் தண்டனையும் சேர்க்கக் கோருவோம். அதுவரை, கேட்டதும் வீடு கிடைக்கிற ஆதிக்கச் சாதித் தோழர்கள், அடுத்த முறை சாதியைச் சொல்ல மறுத்து வீடு தேடிப் பாருங்கள்.