கட்டணம் கேட்கத் தயங்காதீர்கள்

இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்றது 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு. ஆண்களில் அது 42. காரணம் சோம்பல் அல்ல. காலை 6 மணிக்கு அடுப்படியில் நிற்பவருக்கு அந்நேரத்து ஜிம் எதற்கு? பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், பக்கத்துத் தெருவில் ஒரு பெண் சொந்தமாக நடத்தும் வகுப்புதான் அவருக்குத் தேவை. அதற்குப் பெரிய முதல் வேண்டாம், படிப்பு வேண்டும். பிரசவத்தில் வயிற்றுத் தசை விலகியவருக்கு எந்தப் பயிற்சி ஆகாது என்று தெரியாமல் யாரும் கற்றுத்தரக் கூடாது. யோகா என்றால், ஆயுஷ் அமைச்சகத்தின் சான்றிதழ் வாரியத் தேர்வு இருக்கிறது. இப்படிப் படித்துவந்தவரிடம் ‘தெரிந்தவர்தானே’ என்று இலவசமாகக் கேட்பது அநியாயம். சகோதரிகளே, முதல் மாதத்திலிருந்தே கட்டணம் வாங்குங்கள்.